ஈஆர் 0, ஹெர்2 2+, சம்மரியில் ‘டிரிபிள் நெகட்டிவ்’: கோளாறு கட்டியிலா, டப்பாவிலா?

வேலந்தாவளம்_லேப்

வணக்கங்க. கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரி லேப்ல இருந்து கேக்கறேன். இங்க எடுக்கற மார்பகக் கட்டி ஸ்பெசிமன் எல்லாம் வேலந்தாவளம் வழியா கோயம்புத்தூருக்குப் போய்த்தான் ரிப்போர்ட் வருது.

இப்ப கையில இருக்கறது ஒரு மாஸ்டெக்டமி (மார்பகத்தை முழுசா எடுத்த ஆபரேஷன்) ரிப்போர்ட். இன்வேசிவ் லோபுலர் கார்சினோமா (ஊடுருவற மார்பகப் புற்றுல ஒரு வகை), கிரேடு 2. ஈஆர் (ஈஸ்ட்ரோஜன் ஏற்பி) 0, பிஆர் (புரோஜெஸ்டிரோன் ஏற்பி) 0, ஹெர்2 (செல்லை வளரத் தூண்டற ஏற்பி) 2+, கேஐ-67 (பிரியற செல்லைக் காட்டற மார்க்கர்) 15 சதவீதம். அடியில சின்ன எழுத்துல, "திசு சரியாகப் பதப்படவில்லை, அருகிலுள்ள இயல்பான பால் நாளங்களிலும் ஈஆர் சாயம் இல்லை"ன்னு ஒரு வரி. டிஸ்சார்ஜ் சம்மரியில "டிரிபிள் நெகட்டிவ்"னு, அதாவது ஈஆர், பிஆர், ஹெர்2 மூணும் இல்லாத வகைன்னு எழுதிட்டாங்க. அந்தம்மாவோட மகள் அதைப் பார்த்து ரொம்பப் பயந்துட்டாங்க. "செல்லுக்கு மேல சிடி44, சிடி24ன்னு மார்க்கர் இருக்காமே, அதைப் பார்த்தா எவ்வளவு வேகமான வகைன்னு தெரியுமாமே, எங்க எடுக்கறாங்க?"ன்னு கேக்கறாங்க.

ஸ்பெசிமன் போன விதத்தையும் ஒளிக்காம சொல்லிடறேன். வெள்ளிக்கிழமை மதியம் எடுத்தது. சலைன்ல நனைச்ச காஸ் துணி சுத்தி ரெண்டரை மணி நேரம் தியேட்டர்லயே இருந்தது. அப்புறம் ஒரு கீறல் கூடப் போடாம, முழுசா, வாய் குறுகின ரெண்டு லிட்டர் டப்பாவுல அமுக்கி ஃபார்மலின் ஊத்தினாங்க. சனி, ஞாயிறு அப்படியே இருந்துச்சு. திங்கக்கிழமை காலையில பஸ்ஸுல போச்சு.

இது நிஜமாவே வேகமாப் பரவற வகையா? சிடி44 டெஸ்ட் தேவையா? அடுத்த ஸ்பெசிமன்ல இருந்து நாங்க எதை மாத்தணும்? அளவு, நேரம் எல்லாம் தெளிவாச் சொன்னீங்கன்னா எழுதி தியேட்டர் செவுத்துல ஒட்டிடறேன்.

ஸ்லைடு_மேசை

நோய்க்குறியியல் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். அந்த டிஸ்சார்ஜ் சம்மரியை முதலில் திருத்தச் சொல்லுங்கள். ஹெர்2 2+ என்றால் இன்னும் முடிவு தெரியவில்லை என்று பொருள். ஃபிஷ் சோதனை (ஹெர்2 ஜீன் பெருகியிருக்கிறதா என்று ஒளிரும் புள்ளிகளை எண்ணிப் பார்ப்பது) முடியும்வரை அந்தக் கட்டியை டிரிபிள் நெகட்டிவ் என்று எழுத யாருக்கும் ஆதாரம் கிடையாது. அடியில் இருக்கும் அந்தச் சின்ன எழுத்து வரிதான் ரிப்போர்ட்டிலேயே முக்கியமான வரி. அதைப் படித்திருந்தால் ஈஆர் 0 என்பதையும் முடிவாக எடுத்திருக்க மாட்டார்கள்.

எந்த மார்க்கர் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். ஈஆர், பிஆர், கேஐ-67 மூன்றும் செல்லின் உட்கருவில் சாயம் பிடிப்பவை. மேற்பரப்பு மார்க்கர்கள் இல்லை. வழக்கமான நான்கில் மேற்பரப்பில் இருப்பது ஹெர்2 ஒன்றுதான். அதற்கான ஜீன் 17ஆம் குரோமோசோமில் இருக்கிறது. இயல்பான செல்லின் மேல் ஹெர்2 ஏற்பிகள் சுமார் 20,000 இருக்கும். ஜீன் பெருகிவிட்ட புற்றுச் செல்லில் 20 லட்சம் வரை போகும். அதனால்தான் 3+ ஸ்லைடில் ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் கோழிக்கூண்டுக் கம்பிவலை போல அடர்ந்த பழுப்புக் கோடு தெரிகிறது. சாயம் சைட்டோபிளாசத்தில் மட்டும் பரவியிருந்தால் அதை எண்ணக் கூடாது. நாளத்துக்குள்ளேயே அடங்கியிருக்கும் டிசிஐஎஸ் பகுதியையும் எண்ணக் கூடாது. திசுவின் ஓரத்தில் மட்டும் கருத்திருந்தால் அது ஓரம் காய்ந்ததால் வந்தது.

ஹெர்2 எண்களுக்கு அர்த்தம் இதுதான். ஊடுருவிய புற்றுச் செல்களில் 10 சதவீதத்துக்கு மேல் முழுச் சுற்றாக, அழுத்தமான கோடு இருந்தால் 3+. முழுச் சுற்றாக இருந்து மங்கலாகவோ நடுத்தரமாகவோ இருந்தால் 2+. 10 சதவீதத்துக்கு மேல் இருந்தும் சுற்று முழுமையாகாமல், கண்ணுக்கு எட்டியும் எட்டாமலும் தெரிந்தால் 1+. 2+ வந்தால் ஃபிஷ். அதில் குறைந்தது 20 செல்களில் ஹெர்2 புள்ளிகளையும் 17ஆம் குரோமோசோம் புள்ளிகளையும் எண்ணுவார்கள். விகிதம் 2 அல்லது அதற்கு மேல், ஒரு செல்லுக்குச் சராசரி ஹெர்2 புள்ளி 4 அல்லது அதற்கு மேல் என்றால் பாசிட்டிவ். இந்த இரண்டில் ஒன்று மட்டும் பொருந்தினால் ஐஎச்சி (மார்க்கர் சாயம் போட்ட) ஸ்லைடையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மறுபடி எண்ண வேண்டும்.

அடுத்தது ஈஆர். லோபுலர் வகையில் பெரும்பாலானவை ஈஆர் பாசிட்டிவாகத்தான் இருக்கும். ப்ளியோமார்ஃபிக், அபோக்ரைன் சாயல் உள்ளவற்றில் மட்டும் விலக்கு உண்டு. கிரேடு 2 லோபுலரில் ஈஆர் பூஜ்யம் என்று வந்தால் கட்டியைச் சந்தேகிப்பதற்கு முன் ஸ்லைடைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கு வழி அதே ஸ்லைடிலேயே இருக்கிறது. கட்டியின் பக்கத்தில் ஒரு சாதாரண பால் நாளத்தைத் தேடிப் பிடியுங்கள். அதன் உள்வரிசைச் செல்களில் ஒன்று பழுப்பாகவும், பக்கத்தில் இரண்டு நீலமாகவும், மறுபடி ஒன்று பழுப்பாகவும் விட்டு விட்டுத் தெரிய வேண்டும். அந்த நாளமே முழுக்க நீலமாக இருந்தால் சோதனை வேலை செய்யவில்லை என்று பொருள். அப்போது கட்டிக்கு "0" என்று எழுதவே கூடாது. "மதிப்பிட இயலவில்லை" என்றுதான் எழுத வேண்டும். ஈஆருக்கு 1 சதவீதம் உட்கரு சாயம் பிடித்தாலே பாசிட்டிவ். 1 முதல் 10 வரை ‘குறைந்த பாசிட்டிவ்’ என்று தனியாகக் குறிப்பிடுகிறோம். விளிம்பு இவ்வளவு மெல்லியதாக இருக்கும்போது, கெட்டுப்போன திசுவில் பாசிட்டிவை நெகட்டிவாக்க அதிக நேரம் ஆகாது.

கேஐ-67 15 என்பதையும் கிரேடையும்கூட இந்த ஸ்பெசிமனில் நம்ப வேண்டாம். தாமதமாகப் பதப்பட்ட திசுவில் பிரியும் செல்களின் எண்ணிக்கை குறைவாகத் தெரியும்.

வேகமான வகையா என்ற கேள்விக்கு இந்த ரிப்போர்ட்டை வைத்துப் பதில் சொல்ல முடியாது. உண்மையான டிரிபிள் நெகட்டிவில் பெரும்பங்கு கிரேடு 3, கேஐ-67 உயர்வு, நடுவில் செத்த பகுதி, ஓரத்தில் லிம்ஃபோசைட் கூட்டம் என்று இருக்கும். அதில் பெரும்பகுதி பேசல் வகை. சிகே5/6, இஜிஎஃப்ஆர் சாயம் பிடிக்கும். திரும்பி வருவதானால் முதல் 2, 3 வருடங்களில்தான் அதிகம். 5 வருடம் தாண்டினால் அபாயம் நன்றாகக் குறைந்துவிடும். ஆனால் டிரிபிள் நெகட்டிவ் எல்லாமே மூர்க்கமானவை அல்ல. அடினாய்டு சிஸ்டிக், செக்ரிடரி வகைகள் மூன்றிலும் நெகட்டிவாக இருந்தும் பெரும்பாலும் மெதுவாகத்தான் போகும். மூன்று பூஜ்யங்களை மட்டும் பார்த்து ஒரு குடும்பத்தைப் பயமுறுத்தக் கூடாது.

மைக்ரோட்டோம்_4

தம்பி, டாக்டரம்மா சொன்னது ஸ்லைடுக்கு அப்புறம் நடக்கறது. நான் ஸ்லைடுக்கு முன்னாடி நடக்கறதைச் சொல்றேன். உங்க ஸ்பெசிமன் மூணு இடத்துல அடி வாங்கியிருக்கு: தியேட்டர்ல ஒண்ணு, டப்பாவுல ஒண்ணு, வார விடுமுறையில ஒண்ணு.

ரத்த ஓட்டம் நின்ன நிமிஷத்துல இருந்து திசு தன்னைத்தானே தின்ன ஆரம்பிச்சுடும். கட்டியை வெளிய எடுத்ததுல இருந்து ஃபார்மலின் படற வரைக்கும் 1 மணி நேரத்துக்கு மேல போகக் கூடாது. பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் ஏப்ரல் வெயில் எப்படின்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மின்சாரம் போய் ஏசி நின்னா தியேட்டர்லயே சீக்கிரம் கெட்டுப்போகும். எப்படியும் தாமதம் ஆகும்னு தெரிஞ்சா, சுத்தமான பிளாஸ்டிக் பையில போட்டு ஃபிரிட்ஜ் கீழ்த்தட்டுல வைங்க. ஃப்ரீசர் வேண்டவே வேண்டாம்; பனிக்கட்டி ஊசி செல்லைக் கிழிச்சுடும். சலைன் துணியும் வேண்டாம். சலைன் எதையும் பதப்படுத்தாது. செல்லோட உருவத்தைத்தான் கெடுக்கும். சில இடத்துல அவசரத்துக்கு சர்ஜிகல் ஸ்பிரிட் ஊத்தறாங்க. ஆல்கஹால்ல பதமான திசுவுல ஈஆர், ஹெர்2 ரெண்டுமே தப்பா வரும். அதைப் பண்ணவே கூடாது.

ஃபார்மலின் திசுவுக்குள்ள போற வேகம் மணிக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். கொழுப்பு நிறைஞ்ச மார்பகத்துல அதைவிட மெதுவு. 6 சென்டிமீட்டர் தடிமன் உள்ள மார்பகத்தை முழுசா முக்கினா நடு மையத்துக்கு ஒரு நாளுக்கு மேல ஆகும். அதுக்குள்ள மையத்துல இருக்கற கட்டி வெந்த சோறு மாதிரி குழைஞ்சுடும். வெளித்தோல் பக்கம் மூணு நாள் ஊறிக் கெட்டிப்பட்டிருக்கும். ஒரே ஸ்பெசிமன்ல ஓரம் அளவுக்கு மிஞ்சிப் பதமாகியிருக்கும், நடு பதமே ஆகியிருக்காது.

ஃபார்மலினும் எல்லாம் ஒண்ணில்ல. கேனுல வர்ற சரக்கு 37 முதல் 40 சதவீதம் ஃபார்மால்டிஹைடு. அதைச் சும்மா தண்ணி கலந்து ஊத்தினா நாளாக ஆக அமிலமாகிடும். ஸ்லைடுல கருப்பு, பழுப்புத் துகள் விழும், மார்க்கர் சாயமும் மங்கும். 1 லிட்டர் பஃபர் ஃபார்மலினுக்கு: சரக்கு ஃபார்மலின் 100 மில்லி, வடிநீர் 900 மில்லி, சோடியம் டைஹைட்ரஜன் ஃபாஸ்பேட் மோனோஹைட்ரேட் 4 கிராம், டைசோடியம் ஹைட்ரஜன் ஃபாஸ்பேட் அன்ஹைட்ரஸ் 6.5 கிராம். உப்பை முதல்ல வடிநீர்ல முழுசாக் கரைச்சுட்டு ஃபார்மலினை ஊத்துங்க. பிஎச் 7க்குப் பக்கத்துல இருக்கணும். கேன் மேல கலந்த தேதி எழுதுங்க. கையுறை, கண்ணாடி போட்டுட்டு, ஜன்னலைத் திறந்து வெச்சுச் செய்யுங்க.

அளவு, ஒரு பங்கு திசுவுக்கு 10 பங்கு ஃபார்மலின். 800 கிராம் மார்பகத்துக்கு 8 லிட்டர். அவ்வளவு முடியலைன்னா வாய் அகலமான 5 லிட்டர் வாளி எடுங்க. 4 மணி நேரம் கழிச்சு பழசைக் கொட்டிப் புதுசு ஊத்துங்க. அறை வெப்பத்துலயே இருக்கட்டும். மொத்த நேரம் குறைஞ்சது 6 மணி, அதிகபட்சம் 72 மணி. ஊசி பயாப்சி நூல் மாதிரி மெல்லிசா இருக்கு, அரை மணி போதும்னு நினைக்காதீங்க. ஃபார்மலின் உள்ள போறது வேகமா நடந்தாலும் புரதத்தோட பிணையறதுக்கு நேரம் வேணும். அதுக்கும் அதே 6 மணிதான்.

வேலந்தாவளம்_லேப்

ரொம்ப நன்றிங்க அண்ணா. வெட்டித்தான் போடணும்னு புரியுது. ஆனா எங்க சர்ஜன், "வெட்டினா ஓரம் தெரியாமப் போயிடும், அந்த லேப்காரங்க திட்டுவாங்க"ன்னு சொல்றார். யார் வெட்டறது, எந்தப் பக்கம் வெட்டறது? அப்புறம் வெள்ளிக்கிழமை ஆபரேஷன், நடுவுல ஹர்த்தால், ஓணம்னு வந்தா 72 மணி தாண்டிடுதே, அதுக்கு என்ன பண்றது?

மைக்ரோட்டோம்_4

சர்ஜன் பயப்படறது சரிதான். கட்டியை மட்டும் எடுத்த லம்பெக்டமியை நீங்க வெட்டாதீங்க. மை பூசாம வெட்டினா எந்த ஓரத்துல புத்து தொட்டுச்சுன்னு பிறகு யாராலும் சொல்ல முடியாது. அது சின்னதுதான், தாராளமா ஃபார்மலின் ஊத்தி அன்னிக்கே வண்டி ஏத்துங்க. மேல் பக்கம் குட்டை நூல், வெளிப் பக்கம் நீள நூல்னு சர்ஜன் தையல் போட்டு, எது எந்தப் பக்கம்னு படிவத்துல எழுதிடணும்.

மாஸ்டெக்டமின்னா முதல்ல கோயம்புத்தூர் லேபுக்கு போன் பண்ணி ஒப்புதல் வாங்குங்க. வாங்கினதும், தோலைக் கீழ வெச்சு, நெஞ்சுத் தசைப் பக்கம் மேல வர்ற மாதிரி பலகையில கவுத்துங்க. அந்தப் பின்பக்கத்தைத் துடைச்சுட்டு இந்தியன் இங்க் பூசி ரெண்டு நிமிஷம் காய விடுங்க. நீளமான புதுக் கத்தியால பின்பக்கத்துல இருந்து 1 சென்டிமீட்டர் இடைவெளியில கீறுங்க. தோல் வரைக்கும் போகலாம், தோல் அறுபடக் கூடாது. புத்தகத்தோட பக்கம் மாதிரி எல்லாம் ஒட்டிட்டே இருக்கணும். ஒவ்வொரு கீறலுக்குள்ளயும் ஃபார்மலின்ல நனைச்ச காஸ் துணி ஒண்ணு சொருகுங்க. சொருகலைன்னா ரெண்டு முகமும் ஒட்டிக்கும், வெட்டியும் பிரயோஜனமில்ல. அக்குள் கொழுப்பைத் தனி டப்பாவுல போடுங்க.

ஹர்த்தால் விஷயம்: முடிஞ்ச வரைக்கும் இந்த ஆபரேஷனை திங்கள்ல இருந்து புதன் வரைக்கும் வெச்சுக்கச் சொல்லுங்க. அது கைமீறிப் போனா, கீறின ஸ்பெசிமன் 24 மணி நேரம் நல்லா ஊறினதும், அந்த லேப் சம்மதிச்சா 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாத்தி வைக்கலாம். பதமான பிறகு மாத்தறது வேற, ஆரம்பத்துலயே ஸ்பிரிட் ஊத்தறது வேற; ரெண்டையும் குழப்பிக்காதீங்க. மாத்தின நேரம் படிவத்துல இருக்கணும்.

பஸ்ஸுல 5 லிட்டர் ஃபார்மலின் வாளி போகவே கூடாது. பதமான திசுவை வடிச்சு, ஃபார்மலின்ல நனைச்ச துணி சுத்தி, ரெண்டு ஜிப் பையில ஒண்ணுக்குள்ள ஒண்ணாப் போட்டு, கெட்டியான மூடி போட்ட பெட்டியில வைங்க. கூட ஒரு ஆள் போகட்டும்.

வாளையார்_ஃப்ளோ

சிடி44, சிடி24 பற்றிக் கேட்டிருந்தீர்கள். சிகிச்சையை முடிவு செய்ய அந்தச் சோதனை தேவையில்லை. அந்த மகளிடம் தயங்காமல் சொல்லலாம். அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அவர்களுக்கும் நிம்மதியாக இருக்கும்.

2003இல் அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு ஒன்று மார்பகக் கட்டிச் செல்களை மேற்பரப்பு மார்க்கரை வைத்துப் பிரித்தது. சிடி44 இருந்து, சிடி24 இல்லாமலோ மிகக் குறைவாகவோ இருந்த செல்களில் 100ஐ எடுத்தாலே, எதிர்ப்புச் சக்தி இல்லாத எலியில் புதுக் கட்டி முளைத்தது. மற்ற செல்களை ஆயிரக்கணக்கில் செலுத்தியும் முளைக்கவில்லை. அதிலிருந்துதான் புற்றின் ‘விதைச் செல்’ என்ற எண்ணம் பரவியது. பேசல் வகைக் கட்டிகளில் இந்தச் செல்கள் அதிகம் என்பதும் பிறகு தெரிந்தது. ஆனால் ஒருவருடைய கட்டியில் இவை எத்தனை சதவீதம் என்பதை வைத்து அவர் எத்தனை நாள் நலமாக இருப்பார் என்று சொல்ல முடியவில்லை. முடிவுகள் ஆய்வுக்கு ஆய்வு மாறின. அதனால் எந்த சிகிச்சை வழிகாட்டியும் இதைக் கேட்பதில்லை.

செல்களைப் பிரித்து எண்ணும் இந்தச் சோதனைக்கு உயிருள்ள செல்கள் வேண்டும் என்பது அடுத்த தடை. ஃபார்மலினில் போட்ட திசுவை இதற்காக ஃப்ளோ சைட்டோமெட்ரியில் (செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன் ஓடவிட்டு எண்ணும் முறை) ஓட்ட முடியாது. எல்லைப் பக்கம் கல்லூரிகளில் இதைத் திட்ட வேலையாக எடுப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்காக வழுக்கும் இடங்களைச் சொல்கிறேன். புதுத் திசுவைக் குளிர்ந்த கல்ச்சர் திரவத்தில் கொண்டுவந்து, 1 மில்லிமீட்டர் துண்டாக நறுக்கி, கொலாஜினேஸில் 37 டிகிரியில் கரைக்க வேண்டும். டிரிப்சின் ஊற்றினால் அது நாம் தேடும் மேற்பரப்புப் புரதத்தையே வெட்டிவிடும். சிடி44 குறைந்ததுபோலத் தெரிவது பல நேரம் இதனால்தான். செத்த செல்லின் டிஎன்ஏ எல்லாவற்றையும் கொழகொழவென்று ஒட்ட வைக்கும். டிஎன்ஏஸ் கொஞ்சம் சேர்த்து, 40 மைக்ரான் வலையில் வடிகட்டுங்கள். 10 லட்சம் செல்லுக்கு 100 மைக்ரோலிட்டர் திரவம் என்ற கணக்கில் ஆன்டிபாடியோடு 4 டிகிரியில் இருட்டில் 30 நிமிடம் வையுங்கள். செத்த செல் எந்த ஆன்டிபாடியையும் பிடித்துக்கொள்ளும், அதனால் 7-ஏஏடி (செத்த செல்லைக் காட்டும் சாயம்) போட்டு அவற்றை ஒதுக்காமல் எண்ணவே கூடாது.

பெரும்பாலான திட்ட அறிக்கைகள் சறுக்குவது இதற்கு அடுத்த இடத்தில். கட்டிக்குள் இருக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட், ரத்தக்குழாய்ச் செல், டி லிம்ஃபோசைட் எல்லாமே சிடி44 இருந்து சிடி24 இல்லாதவைதான். அவற்றைக் கழிக்காமல் "40 சதவீதம் விதைச் செல்" என்று எழுதுகிறார்கள். சிடி45 (ரத்த வெள்ளணு), சிடி31 (ரத்தக்குழாய்ச் செல்) உள்ளவற்றை வெளியே தள்ளி, எப்கேம் (எபிதீலியல் செல்லின் மார்க்கர்) உள்ளவற்றை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அதிலும் ஒரு சிக்கல்: க்ளாடின் குறைந்த வகை டிரிபிள் நெகட்டிவில் எப்கேமும் குறைந்துவிடும், கண்டிப்பான எல்லை போட்டால் எதைத் தேடினோமோ அதையே வெளியே தள்ளிவிடுவோம். கருவியைச் சரிபார்க்க எம்டிஏ-எம்பி-231 செல் வரிசை நல்லது. கிட்டத்தட்ட முழுவதும் சிடி44 இருந்து சிடி24 இல்லாதது. எதிர்ப்பக்கத்துக்கு எம்சிஎஃப்-7, அதில் பெரும்பாலான செல்களில் சிடி24 இருக்கும். வரைபடத்தில் இரண்டும் ஒரே இடத்தில் வந்து விழுந்தால் ஆன்டிபாடியையோ காம்பன்சேஷனையோ (ஒரு சாயத்தின் ஒளி இன்னொன்றில் கலப்பதைக் கழிக்கும் கணக்கு) பாருங்கள். நோயாளித் திசுவை வீணாக்காதீர்கள்.

இன்று சிகிச்சையை மாற்றும் மேற்பரப்பு மார்க்கர்கள் வேறு. ஹெர்2 முதல். பரவிய டிரிபிள் நெகட்டிவில் பிடி-எல்1 (எதிர்ப்புச் சக்தியைத் தடுக்கும் புரதம்). பெம்ப்ரோலிசுமாப் கொடுக்க 22சி3 ஆன்டிபாடியில் சிபிஎஸ் (பிடி-எல்1 மதிப்பெண்) 10 அல்லது மேல் கேட்கிறார்கள். ட்ரோப்-2 என்ற மேற்பரப்புப் புரதத்தைக் குறிவைக்கும் சாசிடுசுமாப் மருந்துக்கு முன்கூட்டிய சோதனை வேண்டியதில்லை. 2022க்குப் பிறகு ஹெர்2 1+கூடப் பயனுள்ள தகவல் ஆகிவிட்டது: பரவிய நோயில் 1+, அல்லது ஃபிஷ் நெகட்டிவான 2+ இருந்தால் ட்ராஸ்டுசுமாப் டெருக்ஸ்டெகான் பலன் தருகிறது. முன்பு 0, 1+ இரண்டையும் "நெகட்டிவ்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோம். இப்போது எண்ணைத் தனியாக எழுதச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

மீனாட்சிபுரம்_நர்ஸ்

குடும்பத்துக்கு என்ன சொல்லணும்னு நான் எழுதறேன். அந்த மகள்கிட்ட, "இன்னும் முடிவு வரலை, வர வேண்டிய டெஸ்ட் ரெண்டு இருக்கு: ஈஆர் மறுபடி, ஹெர்2க்கு ஃபிஷ்"ன்னு மட்டும் சொல்லுங்க. பயத்தைக் குறைக்கப் பொய் சொல்ல வேண்டாம். தெரியாத வகைக்குப் பேரும் வைக்க வேண்டாம்.

தப்பான பேர் என்ன பண்ணும்னு பாருங்க. நிஜத்துல ஈஆர் பாசிட்டிவா இருந்து 0ன்னு வந்துட்டா, டாமாக்சிஃபென், லெட்ரோசோல் மாதிரி குறைஞ்சது 5 வருஷம் போட வேண்டிய மாத்திரை அந்தம்மாவுக்குக் கிடைக்காமலே போகும். ஹெர்2 பாசிட்டிவைத் தவற விட்டா 1 வருஷத்து ட்ராஸ்டுசுமாப் போச்சு. அதுக்குப் பதிலா தேவைக்கு மேல கீமோ ஏறும். நிஜமாவே டிரிபிள் நெகட்டிவ்னு உறுதியானா வேற வழி இருக்கு: எந்த வயசா இருந்தாலும் பிஆர்சிஏ (பரம்பரையா வர்ற புற்று மரபணு) ரத்தப் பரிசோதனை பத்திப் பேசணும், ஏன்னா அது மகளுக்கும் சம்பந்தப்பட்ட விஷயம். இனி வர்ற நோயாளிகள்ல கட்டி 2 சென்டிமீட்டருக்கு மேலயோ அக்குள் நெறி கட்டியோ இருந்தா, டிரிபிள் நெகட்டிவுக்கும் ஹெர்2 பாசிட்டிவுக்கும் பெரும்பாலும் கீமோ முதல்ல, ஆபரேஷன் பிறகு. அதுக்காகவே ஊசி பயாப்சியில மார்க்கர் தெரிஞ்ச பிறகுதான் கத்தியை எடுக்கணும்.

மறுபரிசீலனைக்குத் திருவனந்தபுரம் ஆர்சிசியோ (மண்டலப் புற்றுநோய் மையம்), தலச்சேரி மலபார் கேன்சர் சென்டரோ, கோயம்புத்தூரோ, எங்க போனாலும் ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது. பாரஃபின் பிளாக் (திசுவை மெழுகுல பதிச்சது), எச்-அண்ட்-இ (வழக்கமான சாயம் போட்ட) ஸ்லைடு, ஐஎச்சி ஸ்லைடு மூணையும் கையெழுத்துப் போட்டு வாங்கிட்டுப் போகணும். கார் டேஷ்போர்டுல பிளாக்கை வைக்காதீங்க. பாரஃபின் 60 டிகிரிக்குப் பக்கத்துல உருகிடும், மேட மாச (சித்திரை) வெயில்ல மூடின காருக்குள்ள அது நடக்கும். கேரளத் திட்ட அட்டை எல்லைக்கு அந்தப் பக்கம் செல்லுமான்னு கிளம்பறதுக்கு முன்னாடியே போன்ல கேட்டுக்கங்க.

பேர் விஷயம் சின்னதாத் தெரியும், ஆனா இங்கதான் நிறைய நாள் வீணாகுது. இங்க ஓபி சீட்டு மலையாளத்துல, ஆதார் வேற எழுத்துல, கோயம்புத்தூர் படிவம் தமிழ்ல. பாப்பாத்தி ஒரு காகிதத்துல ‘பப்பாத்தி’, இன்னொண்ணுல ‘பாப்பாத்தி கே’ன்னு இருந்தா பிளாக் கொடுக்க மாட்டாங்க. அவங்க சொல்றதும் நியாயம், வேற ஒருத்தர் கட்டியாப் போயிடக் கூடாதே. ஆதார்ல இருக்கற எழுத்தை அப்படியே எல்லாத்துலயும் எழுதுங்க. டப்பா மேல பேர், வயசு, ஐபி நம்பர், இடதா வலதான்னு இருக்கணும். ஒட்டறது டப்பாவுல, மூடியில இல்ல.

வேலந்தாவளம்_லேப்

எல்லாருக்கும் நன்றிங்க. சம்மரியைத் திருத்திட்டாங்க. ஒண்ணு விட்டுப் போச்சு: ஆபரேஷனுக்கு முன்னாடி ஊசி பயாப்சி எடுத்திருக்காங்க, 14 கேஜ், நாலு துண்டு, எடுத்த உடனே ஃபார்மலின்ல போட்டது. அதுல புத்துன்னு மட்டும் ரிப்போர்ட் வாங்கிட்டு மார்க்கர் போடலை. அந்த பிளாக் கோயம்புத்தூர்லயே இருக்கு. ஃபிஷ்ஷுக்கு மாஸ்டெக்டமி பிளாக்கை அனுப்பறதா, இதையா? அக்கா சொன்ன மாதிரி மகள்கிட்ட ரெண்டு டெஸ்ட் பாக்கின்னு சொல்லியாச்சு.

ஸ்லைடு_மேசை

ஊசி பயாப்சி பிளாக்கைத்தான் அனுப்ப வேண்டும். எடுத்த உடனே மெல்லிய துண்டாக ஃபார்மலினில் விழுந்தது அது. மார்க்கருக்கு அதைவிட நல்ல திசு கிடையாது. அதிலேயே ஈஆர், பிஆர், ஹெர்2, கேஐ-67 நான்கையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். ஹெர்2 தெளிவாக 3+ என்றோ 1+ என்றோ வந்துவிட்டால் ஃபிஷ்ஷே தேவைப்படாது. மறுபடி 2+ என்றால் அதே பிளாக்கில் ஃபிஷ். பழைய சாயம் போடாத ஸ்லைடுகள் இருந்தால் அவற்றைப் பயன்படுத்த வேண்டாம். வெட்டி 6 வாரம் தாண்டிய ஸ்லைடில் சாயம் மங்கும். புதிதாக 4 மைக்ரானில் வெட்டட்டும். நசுங்கிய துண்டு, துண்டின் ஓரம், இரண்டையும் எண்ணாமல் விடச் சொல்லிப் படிவத்தில் கேட்கலாம்.

அந்தத் துண்டுகளில் புற்று போதவில்லை என்றால் மட்டும் மாஸ்டெக்டமி பிளாக்குகளுக்கு வாருங்கள். அப்போது கட்டியின் நடுவிலிருந்து எடுத்ததை விட்டுவிட்டு, ஸ்பெசிமனின் வெளி விளிம்புக்கு அருகில் கட்டி தொட்ட பிளாக் எது என்று கிராஸிங் குறிப்பில் (ஸ்பெசிமனை வெட்டும்போது லேபில் எழுதியது) பார்த்து, அதில் ஈஆர் போடச் சொல்லுங்கள். இப்படிப்பட்ட ஸ்லைடுகளில் விளிம்பிலிருந்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வரை உட்கருக்கள் நல்ல பழுப்பாக இருந்து, உள்ளே போகப் போக வெளுத்து, நடுவில் வெறும் நீலமாகிவிடும். அப்படித் தெரிந்தால் விளிம்பில் உள்ளதே உண்மை. அந்த விளிம்பில் இயல்பான நாளம் ஒன்று சரியாகச் சாயம் பிடித்திருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, அதன் பிறகு கட்டியை எண்ணச் சொல்லுங்கள்.

படிவத்தில் இரண்டு நேரங்களையும் எழுதுங்கள்: கட்டியை வெளியே எடுத்தது எத்தனை மணிக்கு, ஃபார்மலினில் விழுந்தது எத்தனை மணிக்கு. உங்கள் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை என்றால் மேல் ஓரத்தில் பேனாவால் எழுதி அனுப்புங்கள்.